ஊக்க உரை போதும், தவறு நோட்டைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிவு வெளியாகும்போதெல்லாம் நாளிதழ்களில் இரண்டு வகைக் கட்டுரைகள் வருகின்றன. ஒன்று, வேலை கிடைத்தவரின் பேட்டி: தினமும் பதினாறு மணி நேரம் படித்தேன், தன்னம்பிக்கைதான் காரணம். இன்னொன்று, கிடைக்காதவர்களுக்கான ஆறுதல்: மனம் வைத்தால் எதுவும் முடியும், துவளாதீர்கள். தேர்வர்கள் இரண்டையும் படிக்கிறார்கள், படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வது என்பது மட்டும் இரண்டிலும் இருப்பதில்லை. தேர்வர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே வேலை என்பதால் அந்த விடுபட்ட பகுதியைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். அப்போதும் ஓரிடத்துக்கு இருநூறு பேர் என்ற நிலைக்குக் கீழே இறங்கவில்லை. இந்த நிலையில் 'நினைத்தால் முடியும்' என்று எழுதினால், கிடைக்காத அத்தனை பேரும் சரியாக நினைக்கவில்லை என்றாகிறது. இடம் குறைவு என்பது கூட்டல் கழித்தல் விஷயம். அதை ஒருவருடைய மனத்திடத்தின் குறையாக மாற்றிவிடுவது அநியாயம். தேர்வர் கையில் இருப்பது தன்னுடைய மதிப்பெண்ணை உயர்த்துவது மட்டும்தான். அதற்கு வழிமுறை உண்டு.

மனப்போக்கு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 'கணக்கு எனக்கு வராது' என்று பத்தாம் வகுப்போடு முடிவுகட்டிவிட்ட ஒருவர் குரூப் 4 தேர்வின் 25 கணக்குக் கேள்விகளை, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண்ணை, தேர்வு மையத்துக்குப் போகும் முன்பே விட்டுக்கொடுத்துவிடுகிறார். திறமை பிறவியில் வருவதில்லை, பயிற்சியில் வளரும் என்ற எண்ணத்தின் பலனைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் கேரல் டுவெக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சியால், படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி, 4 புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. செலவைப் பார்த்தால் நல்ல பலன்தான். ஆனால் அளவைப் பாருங்கள்: பத்தில் ஒரு பங்கு புள்ளி. எண்ணத்தை மாற்றுவதால் கிடைப்பது அவ்வளவு. மீதியெல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறது.

அந்த வேலையைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சமச்சீர் புத்தகத்தை எடுத்து, மஞ்சள் ஹைலைட்டரால் வரி வரியாகத் தீட்டி, நாலு முறை வாசிப்பார்கள். நாலாவது முறை எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். படித்தாகிவிட்டது என்று மனசு சொல்லிவிடும். பழகிய முகம் வேறு, பெயர் நினைவுக்கு வருவது வேறு. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள். எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். வாசித்த அன்று இரவு வரும் தன்னம்பிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒரு பாடத்தை ஒரே முறை, 20 நிமிடத்துக்குள் கவனமாக வாசியுங்கள். கோடு போட வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் 8 நிமிடம் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். பாதிகூட வராது, முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்பிலிருந்து பத்துக் கேள்விகள் மட்டும் தயாரியுங்கள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள் இதற்குப் போதும்: பின்பக்கம் வெறுமையாக இருந்தால் நடுவில் கேள்வி, மடித்த மூலையின் உள்ளே விடை.

ஏன் பத்து மட்டும்? ஒவ்வொரு கேள்வியையும் மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் என நான்கு முறை திரும்பப் பார்க்க வேண்டும். தினமும் 10 புதிய கேள்வி என்றால், முதல் மூன்று வாரம் கழிந்தபின் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டிய பழைய கேள்வி 40. ஒன்றுக்குக் கால் நிமிடம் வைத்தால் பத்து நிமிட வேலை. ஆர்வத்தில் நாளுக்கு 30 தயாரிப்பவர்களுக்கு அது 120 ஆகிவிடும், அரை மணி நேரம் போய்விடும். இரண்டு நாள் விட்டால் 240 குவியும். அதைப் பார்த்ததும் மொத்தக் கட்டையும் பரணில் போட்டுவிடுவார்கள். இந்த முறையைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான்; காரணம் சோம்பல் இல்லை, அளவு. தாள்களை அந்த நான்கு முறைக்கும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை உறைகள் நான்கு போதும். தவறாகச் சொன்ன தாள் எந்த உறையில் இருந்தாலும் முதல் உறைக்குத் திரும்ப வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டக் கூடாது.

அடுத்தது தவறு நோட்டு, அதாவது மாதிரித் தேர்வில் செய்த தவறுகளைக் குறித்து வைக்கும் நோட்டு. மாதிரித் தேர்வு எழுதாத தேர்வர் இன்று அநேகமாக இல்லை. டெஸ்ட் பேட்சில் சேர்ந்து வாரம் ஒன்று எழுதுகிறார்கள். எழுதியதும் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், டெலிகிராம் குழுவில் மற்றவர்கள் வாங்கியதைப் பார்ப்பார்கள், கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், தாளை மூடிவிடுவார்கள். தேர்வு எழுத மூன்று மணி நேரம் ஆனால் அதை அலசவும் மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் வாரம் ஒரு தேர்வு வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதினால் போதும்.

நோட்டில் ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே, அது எந்த வகைத் தவறு என்று எழுத வேண்டும். தெரியவே தெரியாதது ஒரு வகை. இதற்குப் பாடத்துக்குத் திரும்பிப் போவதுதான் வழி. படித்தும் நினைவுக்கு வராதது இன்னொரு வகை. இதற்குப் பாடத்தை மறுபடி வாசிப்பது வீண், கேள்வித்தாளாக்கி முதல் உறையில் போட வேண்டும். மூன்றாவது, குழப்பம். நீதிக்கட்சி தோன்றியது 1916, ஆட்சிக்கு வந்தது 1920, வகுப்புவாரி அரசாணை 1921. மூன்றும் தெரிந்திருக்கும், எது எதற்கு என்பது தடுமாறும். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் தீராது. மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி, ஏன் இந்த வரிசை என்று ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். இலக்கணக் குறிப்பிலும் இதே கதை. 'தாய்சேய்' உம்மைத்தொகை, 'தாயும் சேயும்' எண்ணும்மை. உம் மறைந்திருந்தால் தொகை, வெளியே தெரிந்தால் எண்ணும்மை என்று அருகருகே பார்த்தவர் மறுமுறை தவற மாட்டார். 'ஊறுகாய்' வினைத்தொகைதானா என்று சந்தேகம் வந்தால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரித்துப் பார்க்கலாம்.

நான்காவது வகையைத்தான் 'சில்லி மிஸ்டேக்' என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். பல தேர்வர்களின் நோட்டில் அதிக மதிப்பெண்ணை விழுங்குவது அதுதான். 'பொருந்தாதது எது' என்ற கேள்விக்குப் பொருந்துவதைக் குறித்துவிடுவது, 'தவறான கூற்று எது' என்பதில் முதல் சரியான கூற்றைக் கண்டதும் நின்றுவிடுவது. கேள்வியில் வரும் 'பொருந்தாதது', 'தவறான' போன்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பது என்று ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் கையைப் பழக்கினால் இதில் பெரும்பகுதி ஒழியும். இனிமேல் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம் எடுப்பதால் ஒழியாது.

கணக்கில் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். 'ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரு மடங்காகிறது, வட்டி வீதம் என்ன?' 100ஐ 8ஆல் வகுத்து 12.5 சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்து, 'மும்மடங்காகிறது' என்று கேட்டால் 300ஐ 8ஆல் வகுத்து 37.5 என்று குறிப்பவர்கள் ஏராளம். அந்த விடையும் நாலில் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கும், கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியாதா என்ன. மும்மடங்கு என்றால் வட்டி மட்டும் அசலைப் போல் இரண்டு பங்கு. 200ஐ 8ஆல் வகுத்தால் 25 சதவீதம். நோட்டில் எழுத வேண்டியது 'விடை 25' என்பதில்லை; 'மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் வட்டி' என்ற ஒரு வரி. அந்த வரி நான்கு மடங்குக்கும் ஐந்து மடங்குக்கும் உதவும்.

கணக்குப் பயிற்சியில் இன்னொரு பொறி இருக்கிறது. 'தனிவட்டி' என்ற தலைப்புக்குக் கீழே 40 கணக்கு போட்டால் 38 சரியாக வரும். எந்தச் சூத்திரம் என்று தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு கிடையாது. தனிவட்டிக்குப் பக்கத்தில் கூட்டுவட்டி நிற்கும், அதற்கு அடுத்து வேலையும் நேரமும். ஆகவே ஒரு தலைப்பில் நாலைந்து நாள் பழகியபின், பழைய கேள்வித்தாள்களிலிருந்து ஐந்து தலைப்புகளில் இரண்டிரண்டு கணக்கு எடுத்துக் கலந்து, நாளுக்குப் பத்து போட வேண்டும். மதிப்பெண் சட்டென்று இறங்கும், மனசு வலிக்கும். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தால், கணக்கைப் பார்த்ததும் வகையைக் கண்டுகொள்ளும் பழக்கம் வந்துவிடும். கணக்குத் திறமை என்று ஊரார் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பழக்கம்தான்.

கவனம் பற்றி. வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் பதினாறு மணி நேரம் என்பது கேலிப்பேச்சு. காலையில் 45 நிமிடம், மாலையில் 45, இரவில் அரை மணி. ஆக இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதை வைத்துத் திட்டமிடலாம். காலையில் புதிய பாடம், மாலையில் கணக்கு, இரவில் பழைய தாள்கள். கைபேசியைக் கவிழ்த்து வைப்பது போதாது. அணைத்து, வேறு அறையில் வையுங்கள். கைபேசி பக்கத்தில் இருந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரவில்லை. அந்தச் சர்ச்சை எப்படிப் போனாலும் சரி, வேறு அறையில் இருக்கும் போனை எடுக்க எழுந்து போக வேண்டும். அந்தச் சின்னத் தொந்தரவே காவல். மேசையில் ஒரு துண்டுத்தாளும் வேண்டும். படிக்கும்போது கேஸ் புக் பண்ணவில்லையே, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லையே என்று நினைவு வந்தால் அதில் குறித்துவிட்டுத் தொடரலாம். எழுதிவிட்டால் மனசு அதை விட்டுவிடும்.

தொடங்குவதுதான் எல்லோருக்கும் சிக்கல். 'இனிமேல் தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்' என்ற உறுதி நிற்பதில்லை, அதில் எப்போது, எங்கே என்பது இல்லை. 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், அதே சமையலறை மேடைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முதல் உறையை எடுப்பேன்' என்று எழுதி வைத்தால் நிற்க வாய்ப்பு அதிகம். இப்படி 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைப்பதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதையும் நிறுத்திக்கொள்ளலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி, 2010இல் வெளியான ஆய்வில் சராசரி சுமார் 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு இல்லை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் கெடுவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. காய்ச்சல், விருந்தாளி, வீட்டில் துக்கம் என்று வரும் நாளுக்கென்று முதலிலேயே ஒரு குறைந்தபட்ச அளவை எழுதி வையுங்கள்: பழைய தாள் பத்து, அவ்வளவுதான். விட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படிப்பேன் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

தேர்வு அறையில் 200 கேள்விக்கு 180 நிமிடம், ஒன்றுக்கு 54 வினாடி. வட்டத்தை நிரப்ப ஐந்து வினாடி என்றாலும் மொத்தம் 16 நிமிடத்துக்கு மேல் ஷேடிங்கிலேயே போகும். தமிழ் 100க்கு 40 நிமிடம், பொது அறிவு 75க்கு 55, கணக்கு 25க்கு 40 என்று பிரித்துப் பழகினால் ஷேடிங் போக அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும். ஷேடிங்கைக் கடைசிக்கு ஒத்திவைக்க வேண்டாம். ஒரு வரிசை நழுவினால் பின்னால் வரும் அத்தனையும் நழுவும். பக்கம் முடிய முடிய நிரப்புவது நல்லது. தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் இல்லாதபோது 'விடை தெரியவில்லை' வட்டத்தை நிரப்புவதில் லாபமில்லை; இரண்டை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். எதையுமே நிரப்பாமல் விடுவது வேறு விஷயம், அதற்கான விதியை அந்தந்தத் தேர்வின் அறிவுறுத்தலில் படித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் கைப்பழக்கம். கைபேசியில் மாதிரித் தேர்வு எழுதினால் வராது. விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை, உண்மைத் தேர்வு நேரத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றைத் தன்னம்பிக்கைக் கட்டுரைகள் சொல்லவே மாட்டா: எப்போது நிறுத்துவது. எத்தனை அறிவிப்பு வரை எழுதுவது என்பதை முதல் தேர்வுக்கு முன்பே, மனசு தெளிவாக இருக்கும்போது, வீட்டாரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். முடிவு வந்த இரவில் அதை முடிவு செய்யக் கூடாது. கூடவே ஒரு மாற்றுத் திறனும் வளர வேண்டும். தட்டச்சு நல்ல துணை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வில், ஒன்றிலாவது முதுநிலையில், தேறியவர் குரூப் 4இலேயே தட்டச்சர் பணிக்குத் தகுதி பெறுகிறார், அங்கே போட்டியிடுபவர்களும் குறைவு. அரசு வேலை கிடைக்காவிட்டாலும் அந்தச் சான்றிதழ் வீண் போகாது. காசு கட்டிப் பயிற்சி மையத்தில் சேர முடியாதவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாக வகுப்பு நடத்துகின்றன. மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கிறது. இந்த இரண்டையும் பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்தாலே பலருக்கு உதவும்.

உங்கள் நாளிதழுக்கு எங்கள் கோரிக்கை மூன்று. மாதிரி வினா-விடைப் பகுதியில் விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடாதீர்கள். கண் தானாக அங்கே போய்விடுகிறது. இன்றைய கேள்விக்கு விடை நாளைய இதழில் வரட்டும். வினாக்களைப் பாடவாரியாகத் தொகுக்காமல் கலந்து போடுங்கள், வாரம் ஒரு நாள் மூன்று வாரத்துக்கு முந்தைய கேள்விகளையே திரும்பப் போடுங்கள். தேர்ச்சி பெற்றவரைப் பேட்டி எடுக்கும்போது எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளில் எவற்றைத் தவறவிட்டீர்கள், அடுத்த தேர்வுக்குள் அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் தவறு நோட்டு இருந்தால் அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, எழுத்து படிக்கத் தெரியும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர்கள் இருவர்,
விருதுநகர்.